மதுரைப் பெரியவர்கள் எதற்காக நடக்கிறார்கள்?

மதுரையில் எழுபதை நெருங்கும் ஒருவரிடம் "உடற்பயிற்சி ஏதும் செய்றீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்ற விடைதான் பெரும்பாலும் வரும். "காலையிலிருந்து எங்கெல்லாம் போனீங்க?" என்று கேள்வியை மாற்றிப் போட்டால் கதை வேறாகும். பால் வாங்கப் போனது, உழவர் சந்தையில் கீரை வாங்கியது, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டது, மாலையில் கோயில், திரும்பும் வழியில் டீக்கடை. கூட்டிப் பார்த்தால் மூன்று, நான்கு கிலோமீட்டர் தேறிவிடும். அதே தெருவில், அதே வயதில், ஏறக்குறைய அதே உடல்நிலையில் இருக்கும் இன்னொருவர் வாசற்படியைத் தாண்டிப் பல நாள் ஆகியிருக்கும். இந்த இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மன உறுதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் மதுரையின் வீதிகளையும் சுற்றுவட்டார ஊர்களையும் கூர்ந்து பார்த்தால் மன உறுதியின் பங்கு சிறியதாகவே தெரிகிறது. போவதற்கு ஒரு காரணமும் போகவிடுகிற ஒரு பாதையும்தான் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன.

உடலியக்கத்தை அளக்க உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வினாநிரல், வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என மூன்று தலைப்புகளில் கேள்வி கேட்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நீரிழிவு ஆய்வு இந்த வினாநிரலைக் கொண்டு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் 14,227 பேரை விசாரித்தது. 2014இல் வெளியான முடிவுகளின்படி 54.4 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. நகர்ப்புறத்தில் இது 65, கிராமப்புறத்தில் 50. இவற்றைவிட முக்கியமான எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சி என்று எதையாவது செய்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு உடலசைவு என்பது பிழைப்போடும் பயணத்தோடும் ஒட்டி வருவது. ஓய்வு பெறும்போது வேலை போகிறது. மகன் இருசக்கர வாகனத்தில் கொண்டுபோய் விடத் தொடங்கும்போது நடையும் போகிறது. மூன்றாவது தலைப்பு முதலிலிருந்தே காலி. அறுபது வயதில் ஒருவர் திடீரென்று சோம்பேறி ஆகிவிடுவதில்லை. அவரை அசைய வைத்துக்கொண்டிருந்த ஏற்பாடுகள்தாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன.

தமிழ்நாட்டுக்கு இது சிறிய விஷயம் அன்று. நடுவண் புள்ளியியல் அமைச்சகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, மாநில மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு என்று மதிப்பிட்டது. கேரளத்துக்கு (16.5) அடுத்த இடம். 2031இல் இது 18.2 விழுக்காடாகும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. 2024இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த உலகளாவிய ஆய்வோ, 2022இல் இந்தியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றது. பெண்களில் 57, ஆண்களில் 42 விழுக்காடு. 2000இல் இந்த அளவு கால்பங்குக்கும் கீழே இருந்தது.

மதுரைக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. கோயிலை நடுவில் வைத்து ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக அமைந்த ஊர் இது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த அமைப்பில், மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, மாசி வீதி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்த பிறகு அந்த இடத்தில் வந்தவை வெளி வீதிகள். ஊரின் இயல்பான அசைவே சுற்றிவருதல்தான். கடவுள் நம்பிக்கை குறைந்தவரும் மதுரையில் வட்டமடித்துத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இவற்றுள் ஆடி வீதியை முதியோர் நடைக்கென்றே திட்டமிட்ட பாதையாகப் பார்க்கலாம். மதிலின் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சமதளமான கல் பாவிய தரை. வாகனம் இல்லை. களைத்தால் உட்கார மண்டபப் படியும் திண்ணையும் நிழலும் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மனிதர்கள் இருப்பார்கள். தடுக்கி விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் ஓடி வருவார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்ததைத் தொடர்ந்து கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை வந்ததால், நடப்பவரை இடையில் யாரும் அழைத்துத் தொந்தரவு செய்வதுமில்லை. நகரமைப்பு வல்லுநர்கள் முதியோருக்கு உகந்த நடைபாதை என்று எழுதிவைக்கும் பட்டியலில் உள்ளவை அநேகமாக எல்லாம் இங்கே கல்லில் இருக்கின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி வேறொன்று. "வாக்கிங் போறேன்" என்று கிளம்பும் எழுபது வயது மூதாட்டியை வீட்டில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். "மீனாட்சியப் பார்த்துட்டு வர்றேன்" என்றால் ஒருவரும் தடுப்பதில்லை.

குறைகளும் உண்டு. வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் முற்பகல் ஏறிவிட்டால் கல் தகிக்கும். நார் விரிப்பு போட்ட இடத்தைத் தாண்டிக் கால் வைக்க முடியாது. நீண்டகால நீரிழிவால் பாதத்தில் உணர்விழந்தவர்களுக்கு இது வெறும் சங்கடமாக நின்றுவிடுவதில்லை. சூடு உறைக்காமலே தோல் வெந்து, கொப்புளம் புண்ணாகி, அந்தப் புண் ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது. வாசலில் சோதனை வரிசை, உயரமான நிலைப்படி, திருவிழா நெரிசல் எல்லாம் வேறு. பெரிய குறை, அந்த நல்ல பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் குறைந்துகொண்டே வருவது. மாசி வீதிகளுக்கு உட்பட்ட பழைய வீடுகள் கடையாகவும் கிடங்காகவும் விடுதியாகவும் மாறிவிட்டன. அங்கே வளர்ந்த தலைமுறை அண்ணா நகர், கே.கே. நகர், திருநகர், வில்லாபுரம் என்று வெளியே போய்விட்டது. புறநகரில் வீடு பெரிது, காற்று நன்று. கால்நடையாகப் போய்ச் சேர இடம்தான் குறைவு.

கோயிலுக்கு அடுத்தபடியாக ஊர் நடக்குமிடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. சுமார் ஆயிரம் அடி நீளம், அதற்குச் சற்றுக் குறைந்த அகலம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றே கால் கிலோமீட்டர். பல ஆண்டுகள் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்த குளத்துக்கு வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக மறுபடி வரத் தொடங்கிய பின் விடியற்காலைக் கூட்டம் கூடிவிட்டது. இங்கே வருபவர்களைக் கவனித்தால், தனியாக வந்து தனியாகவே திரும்புபவர்கள் குறைவு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கோஷ்டி. பணி ஓய்வு பெற்ற எழுத்தர், ஆசிரியர், பேருந்து நடத்துநர், மளிகைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். ஓய்வூதியம், அரசியல், மருமகள் என்று மூன்று சுற்று. பிறகு டீ, சில நாள் வடை. நடையில் கரைந்தது வடையில் திரும்பிவிடும் என்று மருத்துவர்கள் கண்டிக்கலாம். அந்த டீக்கடைதான் அடுத்த நாளும் அவர்களை ஐந்து மணிக்கு எழுப்புகிறது என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் வராவிட்டால் "எங்க ஆளக் காணோம்?" என்று கேட்க ஆள் இருக்கிறது.

முதியோரே தம் வாயால் சொன்ன காரணங்களைத் திரட்டிய ஒரு பெரிய தொகுப்பாய்வு 2015இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்தது. 132 ஆய்வுகள், 5,987 பேர். அவர்கள் சொன்னவை ஆறு தலைப்புகளில் அடங்கின. கூட இருப்பவர்களின் தாக்கம், உடல் தளர்ச்சி, வேறு வேலைகளின் போட்டி, போய்ச் சேருவதில் உள்ள சிரமம், கிடைக்கும் பயன், ஆர்வமும் நம்பிக்கைகளும். மதுரைக்கு இவற்றுள் எதுவும் புதிதில்லை. ஆனால் "வேறு வேலைகளின் போட்டி" என்ற தலைப்பு இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றும் பெரியவரின் வீட்டில், அதே ஐந்தரைக்கு அவர் மனைவி அடுப்பைப் பற்ற வைத்திருப்பார். ஆணுக்கு அறுபதில் ஓய்வு. பெண்ணுக்கு அந்த வயதில் பேரக்குழந்தை வருகிறது; மகளோ மருமகளோ வேலைக்குப் போகிறவராக இருந்தால் முழுநேரப் பொறுப்பு. நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார், பத்து நிமிடம் தொடர்ந்து நடந்திருக்க மாட்டார். மருத்துவர் "நடங்கம்மா" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டில் எந்த நேரத்தில் என்பது மட்டும் இருக்காது.

இனி, வீட்டு வாசலிலிருந்து அந்தக் குளத்துக்கோ கோயிலுக்கோ போகிற வழியைப் பார்க்கலாம். இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரிகளுக்கான வழிகாட்டி, நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. மதுரையில் இந்த இரண்டும் தொடர்ந்து நூறடிக்குப் பொருந்துகிற இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நடைபாதை இருக்கும் இடத்தில் மின்மாற்றி, விளம்பரப் பலகை, கடையின் முன்நீட்சி, நிறுத்திய பைக். முழங்கால் தேய்ந்தவர் ஒவ்வொரு கடைச் சரிவிலும் ஏறி இறங்குவதைவிடச் சாலையிலேயே நடப்பது மேல் என்று முடிவெடுக்கிறார். எதிரே ஷேர் ஆட்டோ வருகிறது. நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. கோரிப்பாளையத்திலும் காளவாசலிலும் சாலையைக் கடக்க நிற்பவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கடப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பாதசாரி சிக்னலுக்கு நேரம் ஒதுக்கும்போது பல நாடுகளில் மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். 2012இல் இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் நடைவேகத்தை அளந்து பார்த்தபோது சராசரி ஆண்களுக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8 மீட்டர்தான் வந்தது. பதினைந்து மீட்டர் அகலச் சாலைக்குச் சிக்னல் பன்னிரண்டரை வினாடி தரும். 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் மூதாட்டிக்குத் தேவை கிட்டத்தட்டப் பத்தொன்பது வினாடி. இது சிக்னலை எல்லாரும் மதிக்கிற ஊரின் கணக்கு. அதிகாலை இருட்டில் தெருநாய்க் கூட்டம் என்பது எந்த வெளிநாட்டு வினாநிரலிலும் அழுத்தமாக இடம்பெறாத இன்னொரு தடை. கையில் கம்போடு நடக்கும் பெரியவர்களில் பாதிப் பேர் அதைக் காலுக்காக எடுத்து வருவதில்லை.

தெரு செய்யும் தடை கண்ணுக்குத் தெரியும். வீடு செய்யும் தடை பாசத்தின் உருவில் வருவதால் தெரிவதில்லை.

"இந்த வெயில்ல எங்கப்பா போறீங்க? நான் வாங்கிட்டு வர்றேன்." "கீழ உட்காராதீங்கம்மா, எந்திரிக்க முடியாது." "மூட்டுத் தேய்மானம்னு டாக்டர் சொல்லிட்டாரு, ரொம்ப நடக்காதீங்க." ஒவ்வொரு சொல்லும் அக்கறையிலிருந்து வருவது. அவற்றுக்குப் பின்னால் உள்ள பயமும் நியாயமானதே. மகன் பெங்களூரில், மகள் வெளிநாட்டில் என்றான குடும்பங்களில் ஒரு இடுப்பெலும்பு முறிவு வீட்டின் ஒழுங்கையே குலைத்துவிடும். "விழுந்தா யாரு பாக்குறது?" என்ற கேள்விக்கு எளிதான விடை, எழுந்திருக்கவே விடாமல் வைப்பது. ஆனால் உட்கார வைத்த கால் தசை இழக்கிறது. தசை இழந்த கால் தடுமாறுகிறது. தடுமாற்றம் பயத்தை வளர்க்கிறது. 2019இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 108 சோதனைகளில் கலந்துகொண்ட இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, சமநிலையையும் கால்வலுவையும் வளர்க்கும் பயிற்சிகள் விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று கண்டது. மூட்டுத் தேய்மானத்திலும் அப்படித்தான். முழங்கால் வலிக்கு முறையான பயிற்சி தரும் நிவாரணம் வலி மாத்திரைகளோடு ஒப்பிடத்தக்கது என்பது இன்று மருத்துவ உலகில் வழக்கமான அறிவு. நடக்காதே என்ற அறிவுரை நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும், சொல்பவர் பயப்படும் விளைவையே அருகில் இழுத்து வருகிறது.

தரையில் உட்கார்ந்து எழுவதைப் பற்றிப் பிரேசிலில் ஒரு சுவையான ஆய்வு நடந்தது. 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். பத்துக்கு எட்டுக்குக் கீழே எடுத்தவர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது என்று 2012இல் எழுதினார்கள். பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, கோலம் போட்டு, அரிவாள்மனையில் காய் நறுக்கி வளர்ந்த தலைமுறைக்கு அந்தத் தேர்வு அன்றாடம் பலமுறை நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியும் மேடை அடுப்பும் வந்து அதை நிறுத்தின. 2011இல் தொடங்கி அரசே மிக்சியும் கிரைண்டரும் வீடு வீடாகக் கொடுத்தது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றில் அரைத்திராத ஆண்களாக இருப்பதால் அந்த யோசனையை விட்டுவிடலாம். ஆனால் போன வேலைகளோடு போன கால்வலுவுக்கும் கைவலுவுக்கும் பதிலாக எதுவும் வரவில்லை என்பது உண்மை. 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 150 நிமிட நடையோடு நின்றுவிடாமல், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது. தெப்பக்குளக் கோஷ்டிகளில் நடையை மட்டும் கணக்குப் பார்ப்பவர்களே அதிகம்.

நடைக்குக் கால் மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். இந்த விஷயத்தில் மதுரை உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர். 1976இல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கிவிட்டிருந்தது. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர் அவர். வயதும் நோயும் ஒருவரின் இயக்கத்தை எவ்வளவு தீர்மானிக்கும் என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை ஒரு வலுவான மறுமொழி. அவர் தொடங்கிய முகாம்களில் கிராமத்துப் பெரியவர்களை வேனில் ஏற்றிவந்து, கண்புரை நீக்கித் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். இதை யாரும் உடலியக்கத் திட்டம் என்று அழைப்பதில்லை. ஆனால் விளைவு அதுதான். 2005இல் வெளியான ஆங்கிலேய ஆய்வு ஒன்று எழுபது வயதைக் கடந்த 306 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கண்புரை அறுவையை விரைவாகச் செய்தது. அவர்கள் விழுந்த விகிதம் காத்திருந்தவர்களைவிட 34 விழுக்காடு குறைந்தது.

நகரத்தை விட்டு வெளியேறி, உசிலம்பட்டிச் சாலையிலோ திருமங்கலம் பக்கமோ மேலூர்ப் பக்கமோ போனால் கேள்வியே தலைகீழாகிறது. அங்கே அறுபத்தைந்து வயதுப் பெண்ணிடம் உடலியக்கம் போதவில்லை என்று சொன்னால் சிரிப்பார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளலாம். மொட்டு விரியும் முன் பறிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே வயலுக்குப் போகிறார்கள். இடுப்பளவுச் செடிக்குக் குனிந்தபடியே பல மணி நேரம், கூலி எடைக்குத்தான். களையெடுப்பு, ஆடு மேய்ப்பு, நூறு நாள் வேலையில் கண்மாய் வரத்துக்கால் தூர்வாருதல் எல்லாவற்றிலும் வயதான பெண்கள்தாம் நிறைந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்களே. வினாநிரலின் முதல் தலைப்பான வேலையில் இவர்கள் மதிப்பெண்ணை அள்ளிக்கொள்வார்கள்.

அந்த மதிப்பெண்ணுக்கு ஆரோக்கியமும் கூடவே வருகிறதா? டென்மார்க்கின் ஆந்திரியாஸ் ஹோல்டர்மனும் கூட்டாளிகளும் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்து நான்காயிரம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. ஓய்வுநேரத்தில் அதிகம் அசைந்தவர்களுக்கு மாரடைப்பும் இறப்பும் குறைந்தன; வேலையில் அதிகம் அசைந்தவர்களுக்கு அவை கூடின. தானே தேர்ந்த வேகத்தில், போதிய ஓய்வோடு நடப்பது ஒன்று. சுமையோடு, குனிந்தே, ஓய்வு நேரத்தைத் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள முடியாமல் மணிக்கணக்கில் உழைப்பது வேறு. டென்மார்க் தொழிலாளியையும் உசிலம்பட்டிப் பூப்பறிப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் நகரத்து முதியவருக்கு எழுதும் அதே மருந்துச்சீட்டைக் கிராமத்து முதியவருக்கும் எழுதுவது பொருந்தாது என்பதற்கு இது போதிய எச்சரிக்கை. அவருக்குத் தேவை இன்னும் கொஞ்சம் அசைவு இல்லை. கூலி குறையாத ஓய்வு, நிழல், குடிநீர், நிமிர்ந்து நிற்க இடைவேளை. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்தத் தொகையில் மாதம் ஓட்ட முடியாதவரை, எழுபது வயதிலும் வயலுக்குப் போவதை விருப்பமான இயக்கம் என்று கணக்கெழுதுவதில் அர்த்தமில்லை.

முதியோருக்கென்று திட்டமிடாத சில ஏற்பாடுகள்தாம் அவர்களை அதிகம் நடக்க வைத்திருக்கின்றன என்பது கவனிக்க வேண்டிய வேடிக்கை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. இடைத்தரகரை ஒழிப்பது நோக்கம். நடந்ததோ, காலை ஆறு மணிக்குக் கையில் பையோடு பெரியவர்கள் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு நிரந்தரக் காரணம். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது இன்னொன்று. பேருந்து ஏறுவது உடலியக்கமா என்று தோன்றலாம். நிறுத்தம்வரை நடை, இறங்கிய இடத்திலிருந்து நடை, நடுவில் நிற்பதும் சமாளிப்பதும். இங்கிலாந்தில் முதியோருக்கு இலவசப் பேருந்து அட்டை கொடுத்த பிறகு, அட்டை வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி நடப்பவர்களாக இருந்ததை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. மகளிடம் பத்து ரூபாய் கேட்காமல் திருப்பரங்குன்றத்துக்குப் போய்வர முடிகிற மூதாட்டிக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. பேருந்தின் முதல் படி மட்டும் அவர் முழங்காலுக்கு இன்னும் உயரம்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டு போகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் தனியாக வசிப்பவருக்கும் இது தெய்வம்போல. நடக்க முடிந்தவருக்கு மாதத்தில் ஒருநாள் வெளியே போய் நாலு முகம் பார்க்கும் வாய்ப்பு குறைகிறது. திட்டத்தை எதிர்க்க இது காரணமாகாது. அரிசிச் சாக்கை யாரும் எழுபது வயதில் சுமக்க வேண்டாம். போய்வருவதற்கு வேறு காரணம் கிடைக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது.

நேரடியாக நடையை நோக்கமாகக் கொண்ட திட்டமும் வந்தது. "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற பெயரில் 2023 நவம்பர் 4 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. எட்டுக் கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் அடி. அந்தப் பத்தாயிரத்தின் பூர்வீகம் மருத்துவம் அன்று. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர். 2022இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில், 47,471 பேரை உள்ளடக்கிய பதினைந்து ஆய்வுகளின் தொகுப்பு வந்தது. அறுபதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடிகளிலேயே இறப்பு அபாயம் குறைவது நின்று சமநிலைக்கு வந்துவிடுகிறது என்றது அது. வீட்டுக்குள் நடப்பதும் அந்தக் கணக்கில் சேரும். ஆக, எழுபது வயதுக்காரருக்கு எட்டுக் கிலோமீட்டர் தேவையுமில்லை. அந்தப் பாதையின் தொடக்கத்துக்குப் போய்ச் சேர அவர் ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தால் பயனுமில்லை. அறிவிப்பாக எட்டுக் கிலோமீட்டர் கம்பீரமாக ஒலிக்கிறது. பயனுக்கு, வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரும் ஒரு கிலோமீட்டர் வட்டம் மேல். கூடவே சில உட்காரும் பலகைகள், ஒரு கழிப்பறை. கழிப்பறையை ஏன் குறிப்பிட வேண்டும் என்று கேட்பவர்கள் சிறுநீர் மாத்திரையோ சர்க்கரையோ இல்லாத வயதில் இருக்கிறார்கள். கழிப்பறை இல்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற, அல்லது கிளம்பாமலே இருந்துவிடுகிற பெண்களை எந்த வாக்கிங் சங்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" அந்த எட்டுக் கிலோமீட்டர் திட்டத்தைவிட அடக்கமானது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருகிறார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது போன்ற எளிய பயிற்சிகளைச் சொல்லித் தர இதைவிட நல்ல இடம் கிடையாது. அதை நோயாளிக்கு மட்டும் சொல்லாமல், "நடக்காதீங்க" என்று தடுக்கும் மகனையும் மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னால் பலன் கூடும்.

கடைசியாகச் சென்னையில் நடந்த ஒரு சோதனை. தொண்ணூறுகளின் இறுதியில், டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழு அந்நகரத்துத் திருமங்கலம் பகுதியின் நடுத்தர வர்க்கக் குடியிருப்பு ஒன்றில் நீரிழிவுக் கணக்கெடுப்பு நடத்தியது. வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காடு. குழு கூட்டங்கள் போட்டு நோயின் அபாயத்தை விளக்கியது. அதைக் கேட்ட குடியிருப்புவாசிகள் தாங்களே பணம் திரட்டித் தங்கள் பகுதியில் நடைபாதையுடன் ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது 14.2 என்பது 58.7 ஆகியிருந்தது. நடுத்தர வர்க்கத்தால் பணம் திரட்ட முடிந்தது. பூங்காவுக்கு இடமும் இருந்தது. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் அந்த இரண்டும் இல்லாதவை பல. செல்லூர் போன்ற பகுதிகளின் குறுகிய சந்துகளில் குடியிருப்பவர்களுக்கு அந்த ஒரு கிலோமீட்டர் வட்டத்தை ஒதுக்கித் தரும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்தின் மேல் விழ முடியாது. அது வார்டு நிதிநிலைக் கணக்கில் வர வேண்டிய செலவு.